முப்பத்தொரு வயதுக் காதுகுத்து

புதுச்சேரி குருசுக்குப்பத்தில் நான் குடியிருந்த மாடி அறைக்கு வாடகை வாங்க, மாதம் ஐந்தாம் தேதி வீட்டுக்கார அக்கா படியேறி வருவார். வாங்கிய பணத்தை எண்ணிப் பார்க்க மாட்டார். இறங்கும் முன் ஒரு கேள்வி மட்டும் கேட்பார்.

"தம்பி, லோன் எதுனா வேணுமா?"

டீ வேணுமா என்று கேட்பது போலத்தான் கேட்பார். அவர் எங்கள் தெரு மகளிர் குழுவின் தலைவி. நான் மகளிர் இல்லையே என்றால், "அத நான் பாத்துக்கிறேன், எம்பேர்ல எடுத்துத் தரேன்" என்பார். நான் வேண்டாம் என்பேன். அவர் முகம் வாடிவிடும். ஒருவருக்கு நன்மை செய்ய வந்து வெறுங்கையோடு இறங்குகிறவரின் முகம் அது.

அந்த மாதம் எனக்கு உண்மையிலேயே பணம் தேவைப்பட்டது. நூறடி ரோட்டில் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் ஏசி, பிரிட்ஜ் மெக்கானிக் வேலை கற்றுக்கொடுக்கிறார்கள். ஆறு மாதப் படிப்பு. எட்டாம் வகுப்புப் படித்திருந்தால் போதும். நான் ஒன்பதாம் வகுப்பில் அரையாண்டுப் பரீட்சை வரை போனவன், ஆகவே அவர்கள் கேட்டதைவிட என்னிடம் படிப்பு அதிகமாகவே இருந்தது. கட்டணம் இருபத்தெட்டாயிரம். தவணை கிடையாது. மாதக் கடைசித் திங்கட்கிழமைக்குள் முழுதாகக் கட்டினால் இடம் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த வருடம் வரவேண்டும்.

அடுத்த வருடம் என்று ஒன்று எனக்குக் கிடையாது. பதினாலு வயதில் பள்ளியை விட்டதிலிருந்து எந்த ஊரிலும் பதினோரு மாதத்துக்கு மேல் நான் இருந்ததில்லை. திருப்பூரில் பனியன் மடித்தேன். விசாகப்பட்டினத்தில் ஐஸ் உடைத்தேன். கோவாவில் பாத்திரம் கழுவினேன், அது போரடித்தபோது ஒரு பொம்மைக் கடை வாசலில் கரடி வேஷம் போட்டு நின்றேன். நடுநடுவே புதுச்சேரிக்குத் திரும்பி வந்து சில மாதம் இருப்பேன். ஒரு நாள் காலையில் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது ஏதாவது ஒரு பஸ் கிளம்பும், நானும் ஏறிவிடுவேன். அடுத்த வருடம் வரை என்னைப் பிடித்து வைக்க என்னாலேயே முடியாது.

மெக்கானிக் ஆசை வந்ததற்குக் காரணம் சாதாரணமானது. கடைசியாக நான் வேலை பார்த்த ஓட்டலுக்கு ஏசி ரிப்பேர் செய்ய ஒருவர் வந்தார். மூடியைக் கழற்றினார், வலையைக் கழுவினார், மாட்டினார். இருபது நிமிடம். எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, டீயும் குடித்துவிட்டுப் போனார். நான் அன்று விடியற்காலையிலிருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், என் நாள் கூலி அதில் பாதி. அதோடு ஏசி எல்லா ஊரிலும் இருக்கிறது. எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

கடன் வாங்குவதில்லை என்பதற்கும் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. என் அப்பா மில்லில் வேலை செய்தவர். மில் மூடியதும் தண்டல் வாங்கினார். தண்டல்காரர் தினமும் மாலையில் வந்து நின்று வசூலிப்பார். அவருக்குக் கட்ட இன்னொருவரிடம், இன்னொருவருக்குக் கட்ட மூன்றாமவரிடம் வாங்கினார். எனக்கு ஐந்து வயதில் ஒரு விடியற்காலை குடும்பத்தோடு ஊரைவிட்டுக் கிளம்பினோம். அவசரத்தில் என் செருப்பு விட்டுப்போனது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் கடன் வாங்கினால் செருப்பு போய்விடும் என்று மனதில் பதிந்துவிட்டது, இன்றுவரை போகவில்லை.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். கையில் பதினாலாயிரத்து ஐந்நூறு சேர்த்து வைத்திருப்பதையும் சொன்னேன். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"லோன் வேணாம், சரி. இந்த ஊர்ல நீ எவ்ளோ மொய் வெச்சிருப்ப?"

நிறைய வைத்திருந்தேன். புதுச்சேரியில் இருக்கும்போதெல்லாம் யார் வீட்டு விசேஷமானாலும் போய்விடுவேன். ஓட்டலில் நூற்றைம்பது ரூபாய்க்கு வயிறு நிறையாது. கல்யாணத்தில் இருநூறு வைத்தால் இரண்டு பாயசம், பீடா, வாசலில் பன்னீர்த் தெளிப்பு எல்லாம் உண்டு.

"அது சாப்பாட்டுக்குக் குடுத்த காசுக்கா."

"அட லூசுத் தம்பி! சாப்பாட்டுக்கு எவனாவது காசு வாங்குவானா? அது உங்காசு. நீ ஒரு விசேஷம் வெச்சா அப்டியே திரும்பி வரும். நீ எங்க வெச்ச? கல்யாணம் ஆவல, வூடு கட்டல, பெத்துப் போடல. ஊரு பூரா உங்காசு தூங்கிட்டு இருக்குது."

எனக்குத் தலை சுற்றியது. ஏழெட்டு வருடமாக நான் பந்தியில் உட்கார்ந்து சேமித்துக்கொண்டே வந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

"இன்னா விசேஷம் வெக்கிறது நான்?"

"கல்யாணம் பண்ணிக்க."

"ஏசி படிக்கவா?"

"எதெதுக்கோ பண்ணிக்கிறாங்க" என்றவர், திடீரென்று என் தலையைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பினார். தேங்காய் வாங்கும்போது அப்படித்தான் செய்வார். "தம்பி! இன்னா, காதுல ஓட்டையே இல்ல?"

இல்லைதான். எனக்குக் காது குத்தச் சேர்த்து வைத்த காசைத் தண்டல்காரர் எடுத்துப் போயிருந்தார். அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் என் காது ஞாபகத்துக்கு வரவில்லை.

"அப்ப காதுகுத்து வெச்சிடலாம்!" என்று அக்கா கைதட்டிச் சிரித்தார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருந்தேன். நான் வைத்த மொய் திரும்பி வந்தால் அது என் பணம். அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் கடன்தான், அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பி வைத்தாக வேண்டும். ஆகவே வைத்ததை மட்டும் வாங்குவேன். நான் எதுவும் வைக்காதவரிடம் எதுவும் வாங்க மாட்டேன்.

"மொய்யில வெரல வுட்டு அளக்குற ஆள இப்பதான் பாக்குறேன்" என்றார் அக்கா.

எவ்வளவு வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. வாங்கியவர்களிடம்தான் மொய் நோட்டு இருக்கும். வீடு வீடாகப் போய் நோட்டைக் காட்டச் சொன்னேன். யாருக்கும் என் பெயர் சரியாகத் தெரியாததால் ஒவ்வொரு நோட்டிலும் நான் ஒவ்வொரு ஆளாக இருந்தேன். ஒன்றில் 'கோவாக்காரர்'. இன்னொன்றில் 'மாடி ரூம்'. வைத்திக்குப்பத்தில் ஒரு வளைகாப்பு நோட்டில் 'ரெண்டு பந்தி சாப்பிட்டவர்' என்று எழுதி, எதிரே இருநூறு போட்டிருந்தார்கள். அது நான்தான் என்று அந்த வீட்டில் எல்லோரும் உடனே ஒப்புக்கொண்டார்கள். மொத்தம் பதினெட்டாயிரத்து அறுநூறு வந்தது. பந்தல், நாற்காலி, காலை டிபன், காது குத்தும் பத்தருக்குக் கூலி எல்லாவற்றுக்கும் கையிலிருப்பில் ஐயாயிரம் போனாலும், கட்டணம் போக நூறு ரூபாய் மிஞ்சும்.

அடுத்து தாய்மாமன் வேண்டும். காது குத்தும்போது மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். என் அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர் இல்லை, ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் பிரெஞ்சுக்காரர். அதாவது எங்களைப் போலவே கறுப்பாக, எங்களைப் போலவே கருவாட்டுக் குழம்பு சாப்பிடும் பிரெஞ்சுக்காரர். புதுச்சேரியை விட்டுப் பிரெஞ்சு வெள்ளைக்காரன் போகும்போது, பிரான்சா இந்தியாவா, எந்த நாடு வேண்டும் என்று கேட்டுக் கையெழுத்து வாங்கினார்களாம். மாமாவின் அப்பா போய்ப் போட்டார். எங்கள் தாத்தா அன்று நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிவிட்டார். அதனால் மாமா அந்த நாட்டுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, பென்சனோடு ஊர் திரும்பி, தினமும் காலையில் நண்பர்களோடு இரும்புக் குண்டு உருட்டி விளையாடுகிறார். நான் வெங்காயம் உரிக்கிறேன்.

விஷயத்தைச் சொன்னதும் மாமா பர்ஸை எடுத்தார். "இருபத்தெட்டுதானே மாப்ள? இந்தா, இப்பவே குடுக்குறேன். திருப்பிக்கூடத் தர வேணாம்."

"வேணாம் மாமா. மடி மட்டும் போதும்."

அவர் பணம் கொடுத்தால் திருப்பிக் கேட்க மாட்டார் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு மாலையும், ஒவ்வொரு கிளாசுக்கும், இந்தப் பையனைப் படிக்க வைத்ததே நான்தான் என்று பக்கத்து மேசைக்குச் சொல்வார். அந்த வட்டியை என்னால் கட்ட முடியாது.

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ எத்தினி கிலோ?"

"எழுபத்திநாலு."

"மோன் தியே!" என்று நெற்றியில் கைவைத்தார். கடவுளை அவர் பிரெஞ்சில்தான் கூப்பிடுவார். "என் முட்டி ஒரு பக்கம் வீக்கு மாப்ள. சரி, வரேன். மெடல் எல்லாம் குத்திட்டு வரேன்."

அழைப்பிதழ் அடிக்கக் காசில்லை. போனிலேயே ஓர் அழைப்பிதழ் செய்து அக்காவின் குழுவிலும் மற்றவர்களுக்கும் அனுப்பினேன். அந்த ஆப்பில் தயாராக ஒரு படம் இருந்தது: தொட்டில், பொம்மை, பலூன், நடுவில் 'எங்கள் வீட்டுச் செல்லத்துக்குக் காதணி விழா'. தேதியையும் இடத்தையும் மட்டும் மாற்றினேன். வீட்டில் செல்லம் நான் ஒருவன்தானே, எல்லோருக்கும் தெரியும் என்று விட்டுவிட்டேன். அங்கேதான் தப்பு நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குத் தெருவில் பந்தல் போட்டாயிற்று. மொட்டை அடிக்காமல் காது குத்தினால் சாமி ஏற்காது என்று அக்கா சொல்லிவிட்டதால் எனக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தார்கள். புது வேட்டி, கழுத்தில் மாலை. கடலிலிருந்து வந்த காற்றில் மண்டை சில்லென்றிருந்தது. நான் பந்தல் வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றேன்.

முதலில் வந்தவர் டூ வீலர் மெக்கானிக். கையில் பெரிய பெட்டி. என்னைக் கட்டிப்பிடித்தார்.

"சொல்லவே இல்ல பாரு! எப்ப கல்யாணம் ஆச்சு? கொழந்த எங்க?"

"நான்தாண்ணா கொழந்த."

அவர் என் மொட்டையைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து, தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார். பெட்டியில் குழந்தை சோப்பு, பவுடர், எண்ணெய், சின்னச் சீப்பு எல்லாம் இருந்தன. என் தலைக்கு அன்று சீப்பும் தேவைப்படவில்லை.

அவரோடு போயிருந்தால் பரவாயில்லை. நான் கோவாவில் ஒரு பெண்ணைக் கட்டி, குழந்தையோடு அவள் ஓடிவிட்டதாகவும், குழந்தையை மட்டும் நான் மீட்டு வந்ததாகவும் யாரோ ஒரு கதையே கட்டிவிட்டிருந்தார்கள். தாயில்லாத குழந்தைக்குக் காசு வைத்தால் அப்பன் செலவழித்துவிடுவான், பொருளாகக் கொடுப்போம் என்று நல்ல மனதோடு பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். எனக்கு ரொக்கமாக வரவேண்டியவற்றில் பதினாலு வீட்டு மொய் பவுடர் செட்டாகவும் கவுனாகவும் வந்தது. ஒருவர் நடைவண்டியே கொண்டுவந்தார்.

மொய் மேசையில் அக்காவின் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். கடலுக்குப் போகிறவர். காற்றில் பேசிப் பழகிய குரல், மைக் தேவையில்லை. பக்கத்தில் நான் எழுதிக் கொடுத்த பட்டியல்.

"மாடி ரூமுக்கு, பால் பூத் அண்ணன், ஐந்நூறு!" என்று கத்தினார்.

நான் ஓடிப்போய்ப் பட்டியலைப் பார்த்தேன். "அண்ணே, நான் உங்க பொண்ணு காதுகுத்துக்கு இருநூறுதான் வெச்சேன். முன்னூற எடுத்துக்குங்க."

பால் பூத்துக்காரர் முறைத்தார். "அது ஏழு வருசம் முந்திப்பா. இன்னிக்கி பால் இன்னா வெல, தங்கம் இன்னா வெல? ஏத்திதான் வெக்கணும்."

"ஏத்தினா அது வட்டிண்ணே. நான் வாங்க மாட்டேன்."

"அப்ப எங்க வூட்டு அடுத்த விசேஷத்துக்கு வர மாட்ட?"

"எந்த ஊர்ல இருப்பனோ, யாருக்குத் தெரியும்?"

"இவன் காதுகுத்துக்கு இவனே வந்ததே பெருசு" என்றார் மொய் எழுதுகிறவர். அவர் முன்னூறைத் திருப்பிக் கொடுத்தார், ஆனால் பால் பூத்துக்காரர் வாங்காமல் இட்லி சாப்பிடப் போய்விட்டார். அந்த முன்னூறைப் பின்னாலேயே கொண்டுபோய் அவர் சட்டைப் பையில் நானே வைத்தேன். அவர் எடுத்து என் வேட்டி மடிப்பில் செருகினார். இப்படி இட்லி ஆறும்வரை நடந்து, கடைசியில் அது அவர் பையிலேயே தங்கியது.

பட்டியலில் இல்லாதவர்களும் திரண்டு வந்திருந்தார்கள். செல்லம் யாரென்ற செய்தி பரவிவிட்டது. குருசுக்குப்பத்தில் பாதியும் வைத்திக்குப்பத்தில் கொஞ்சமும் பந்தலைச் சுற்றி நின்றன. வாடகை ஸ்கூட்டரில் வந்த ஒரு பெங்களூர் ஜோடி இறங்கிப் படம் எடுத்தது. இவர்களில் பலர் நூறு, இருநூறு என்று நீட்டினார்கள். நான் எல்லோரையும் கும்பிட்டு மறுத்தேன். சிலர் கோபித்துக்கொண்டு, ஆனால் போகாமல் நின்றார்கள்.

பத்தர் வரத் தாமதமானதால் அதற்குள் மொய் எழுதுகிறவர் எண்ணி முடித்துவிட்டார். என்னைக் கூப்பிட்டுக் காதோரம் சொன்னார். அவருக்கு மெதுவாகப் பேச வராது. "பதினொண்ணாயிரத்து தொள்ளாயிரம்தான் தம்பி!" என்றது தெருக்கோடிவரை கேட்டது.

கையிலிருந்த ஒன்பதாயிரத்து ஐந்நூறோடு சேர்த்தால் இன்னும் ஆறாயிரத்து அறுநூறு வேண்டும். நாளை திங்கட்கிழமை. நான் குவிந்திருந்த பவுடர் செட்டுகளைப் பார்த்தேன். மணம் நன்றாக இருந்தது. நாளை மாலை எந்தப் பஸ்ஸில் இருப்பேன் என்று நினைத்தேன்.

மாமா கோட்டும் மெடல்களுமாக வந்து, பந்தல் நடுவில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு சின்ன டப்பா எடுத்தார். மாமன் போடும் கம்மல். கூட்டம் எட்டிப் பார்த்தது. வெள்ளையாக இருந்தது.

"வெள்ளியா?" என்றார் அப்போதுதான் வந்து சேர்ந்த பத்தர்.

"ஸ்டீல். அங்க ஆஸ்பத்திரிலயே இதான் போடுவாங்க. கிருமி ஒட்டாது."

"ஸ்டீலுக்கு நீங்க பாத்திரக் கடைல ஆள் புடிச்சிருக்கணும்" என்றார் பத்தர். ஆனாலும் ஊசியை எடுத்தார்.

நான் மாமாவின் மடியில் உட்கார்ந்தேன். மாமாவிடமிருந்து காற்றுப் போன டியூபின் சத்தம் வந்தது. என் கால்களைத் தரையில் ஊன்றிப் பாதி எடையைத் தாங்கிக்கொண்டேன். வலது காதில் ஊசி இறங்கியது. வலித்தது. வெங்காயம் உரிக்கும்போது விரலில் கத்தி பட்டால் எப்படியிருக்குமோ அப்படி. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

கூட்டத்தில் ஏமாற்றம். "அவ்ளோதானா?" என்றார் யாரோ.

அப்போதுதான் முன் வரிசையிலிருந்து ஒரு மீன்கார அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு எழுந்தார். தினமும் எங்கள் தெருவில் மீன் விற்கிறவர். அவர் வீட்டு விசேஷம் எதற்கும் நான் போனதில்லை.

"யோவ், காசு பத்தலன்னு கத்துனது எங்க காதுலயும் வுழுந்துச்சு. நான் குடுத்த எறநூற ஏன் வேணான்ன?"

"கடனாயிடும்மா."

"யாருக்குயா வேணும் ஒங்கடன்? நீ எம்பொண்ணு கல்யாணத்துக்கு வரவே வேணாம், வந்தா ரெண்டு பந்தி துன்னுவ. பீச் ரோட்டுல மேஜிக் காட்டுறவனுக்கு இருவது ரூபா போடுறேன். அவன் எனக்குக் கடங்காரனா? ஏவாரத்த வுட்டுட்டு வந்து நிக்கிறேன், மொட்ட மாப்ள மாமன் மடில குந்தி அழுவுறதப் பாக்க. நீ என்னடான்னா கம்பம் மாதிரி குந்தியிருக்க. இன்னொரு காது பாக்கி இருக்குதுல்ல? ஒழுங்கா அழுவு. அழுதா கூலி. அழுவலன்னா ஒரு பைசா கெடையாது."

கூட்டம் ஓவென்று ஆமோதித்தது. நான் யோசித்தேன். கரடி வேஷம் போட்டு நின்றதற்குக் கூலி வாங்கினேன். அதைக் கடன் என்று யாரும் சொல்லவில்லை. இதுவும் நின்று செய்கிற வேலைதான், உட்கார்ந்து செய்கிறேன், அவ்வளவே.

"சரி, அழுவுறேன்" என்றேன்.

"ரேட் பேசிக்க மாப்ள" என்றார் மாமா, கீழேயிருந்து.

ஆனால் அழுகை வரவில்லை. கஷ்டப்பட்டதையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். ஐஸ் பாக்டரியில் விரல் மரத்துப் போனது, ரயிலில் பர்ஸ் போனது, கோவாவில் மூன்று நாள் பன்னும் தண்ணீரும். எல்லாம் நடந்து முடிந்த விஷயங்கள், கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. விட்டுப்போன செருப்பை நினைத்தேன், சிரிப்பு வந்தது. "சிரிக்கிறான், சிரிக்கிறான், காசு கெடையாது!" என்று ஒரு சிறுமி கத்தினாள். பத்தர் இடது காதைப் பிடித்து ஊசியை வைத்தார். நான் அழுகிற மாதிரி முகத்தைக் கோணினேன். அதற்காகக் காலைத் தூக்கி உதறினேன்.

அதுவரை பாதி எடையைத் தாங்கிய கால்கள் அவை. எழுபத்திநாலு கிலோவும் மாமாவின் மேல் இறங்கியது. நாற்காலியின் பின்கால் இரண்டும் படாரென்று அகன்றன. மாமா பின்னால் சாய, நான் மாமாவின் மேல் சாய, அவர் நெஞ்சிலிருந்த மெடல் ஒன்றின் ஊக்கு என் முதுகில் ஏறியது.

"ஐயோ அம்மா!"

நடிப்பில்லை. முப்பத்தொரு வருடத்தில் அப்படி ஒரு சத்தம் என்னிடமிருந்து வந்ததில்லை. கண்ணீர் தாரைதாரையாகக் கொட்டியது. மாமா அடியில் கிடந்து பிரெஞ்சில் என்னென்னவோ கத்தினார், பட்டாளத்தில் கற்றதாக இருக்கும். பந்தலிலிருந்த எல்லாக் கைக்குழந்தைகளும் எங்களோடு சேர்ந்து வீறிட்டன. பத்தர் தொழில் தெரிந்தவர். காதை விடவே இல்லை. எங்களோடு தரைக்கு வந்து, குந்தியபடியே குத்தி முடித்தார். ஓட்டை மட்டும் அரை விரல் மேலே போய்விட்டது.

மீன்கார அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு முந்தானையை அவிழ்த்தார். ஐந்நூறு ரூபாய்த் தாள். அவசரத்தில் தட்டு கிடைக்காமல், காலியாகியிருந்த கேசரிக் குண்டானில் போட்டார். "இது மொய்யில்லயா, கூலி. எழுதாத!" என்று மேசையைப் பார்த்து மிரட்டினார். அதற்குப் பிறகு குண்டான் ஓரிடத்தில் நிற்கவில்லை. நூறுகளும் இருநூறுகளும் விழுந்தன. பால் பூத்துக்காரர் அந்த முன்னூறை எடுத்து என் கண்ணெதிரே ஆட்டிக்காட்டிவிட்டுப் போட்டார். பெங்களூர்க்காரர் ஐந்நூறு போட்டுவிட்டு, இந்தச் சடங்கு வருடத்தில் எத்தனை முறை நடக்கும் என்று மாமாவிடம் கேட்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்த மாமா அவருக்குப் பிரெஞ்சில் பதில் சொன்னார்.

பிறகு மாமா என் பக்கம் திரும்பினார். "விழுந்தது ரெண்டு பேர். என் பங்கு எங்க?"

"ஒமக்கு மாசாமாசம் வருதில்ல, அடங்கும்" என்றார் அக்கா, அவருக்கு ஒரு தட்டு இட்லியைக் கொடுத்து.

குண்டானில் ஏழாயிரத்து ஐம்பது இருந்தது. பந்தல்காரர் உடைந்த நாற்காலிக்கு அறுநூறு கேட்டார். அக்கா நானூறுக்குப் பேசி முடித்தார். நடைவண்டியையும் பவுடர் செட்டுகளையும் குழு அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டினோம். கொண்டுவந்தவர்கள் வந்து எடுத்துப் போகலாம் என்று சொல்லிவிட்டேன். ஒருவரும் வரவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பயிற்சி நிலையத்துக்குப் போனேன். மேசையிலிருந்தவர் என் மொட்டையையும் வீங்கிய காதுகளையும் பார்த்துவிட்டு, தகராறு செய்ய வந்தவன் என்று நினைத்து எழுந்து நின்றார். பணத்தை எடுத்து வைத்ததும் உட்கார்ந்தார். பாதித் தாள்கள் கேசரி நெய்யில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரிக்கப் பிரிக்க அவர் விரலில் ஏலக்காய் மணந்தது. இரண்டு முந்திரித் துண்டுகளை எடுத்து ஒரு காகிதத்தில் தனியாக வைத்தார்.

"எங்ககிட்டயே லோன் வசதி இருக்கு சார். ஏன் இவ்ளோ கஷ்டம்?" என்று ஒரு தாளை நீட்டினார்.

"வேணாம் சார். இது உழைச்ச காசு."

அவர் அந்தத் தாளை மேசைக்குள் வைத்துவிட்டுப் படிவத்தை எடுத்தார். படிவத்தில் அங்க அடையாளம் எழுதுகிற இடம் வந்தபோது என் மூக்கைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், கடைசியில் இடது காதைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்காமலேயே எழுதிக்கொண்டார். முழுக் கட்டணமும் வந்தது என்று முத்திரை குத்தி ரசீது கொடுத்தார். பாக்கி என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார். அங்கே ஒரு சைபர் போடச் சொன்னேன். போட வேண்டிய அவசியமில்லை என்றார். போடுங்கள் என்றேன். போட்டார். அந்தச் சைபரை அங்கேயே நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன்.

"புதன்கிழமை ஒன்பது மணிக்குக் கிளாஸ்" என்றார் அவர், கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டே. "நோட்டு ஒண்ணு, ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு கொண்டு வாங்க. கேசரி வேணாம்."